பலகையில் ஏறாத மிச்சம்

செய்த வேலையை நாலு பேர் பார்க்கிறார்கள். செய்யாமல் விட்ட வேலையை யார் பார்ப்பது? அந்தக் கோல்ஃப் கிளப்பில் புல்வெளிக்குத் தலைமைப் பணியாளராக இருந்தவரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத வாடையால் அவருக்கு டீசல் என்று பெயர் விழுந்திருந்தது. கிளப்பின் எலெக்ட்ரீஷியன் அவருக்குச் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவரை எல்லோரும் கரண்டு என்பார்கள். செயலாளரிடம் சொல்லி அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே டீசல்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

ஒரு வருடம் செயலாளர் பணியாளர்களை எல்லாம் கூட்டிவைத்துப் பேசினார். கிளப் தின்னும் மின்சாரமும் எண்ணெயும் குறைய வேண்டும், அது கக்கும் புகையும் குறைய வேண்டும், ஆளுக்கு ஒரு வழி பாருங்கள் என்றார். வருடக் கடைசியில் மைதானத்துக்கும் இயந்திரங்களுக்கும் சேர்த்து ஒரே பொறுப்பாளரை நியமிக்கப்போவதாகவும், அது இந்த இருவரில் ஒருவர்தான் என்றும் சொல்லி முடித்தார். அந்தப் பதவி தன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டதாகவே டீசலுக்குத் தோன்றியது.

கரண்டு சும்மா இருக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடாமல், தேவைக்கு ஏற்ப மெதுவாக ஓடும்படி ஒரு பெட்டியைப் பொருத்தினார். வண்டிக் கொட்டகையின் கூரையில் சூரியத் தகடுகளை ஏற்றினார். எல்லாவற்றுக்கும் மேலாக, நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தார். நேற்று கிளப் வெளியிலிருந்து வாங்கிய மின்சாரம் எவ்வளவு என்று அதில் பச்சை எழுத்தில் ஒளிரும். மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் உறுப்பினர்கள் பலகையைப் பார்ப்பார்கள், எண் இறங்கியிருந்தால் கரண்டைத் தேடிப்போய்த் தோளில் தட்டுவார்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் டீசலுக்கு எங்கே விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அவரும்தான் ஒரு வழி பார்த்திருந்தார். யாரும் பந்து அடிக்காத ஓரங்களில் புல்லை வெட்டுவதை நிறுத்திவிட்டார். அது முழங்கால்வரை வளர்ந்தது, அதற்குள் சின்னப் பூக்கள்கூட வந்தன. டீசல் பீப்பாய் முன்பைவிட மெதுவாகக் காலியாயிற்று. ஆனால் பீப்பாய்க்கு யாரும் பலகை வைக்கவில்லை. தானாகப் போய்ச் சொல்லவும் கௌரவம் இடம் தரவில்லை. கடைசியில் அந்த ஓரத்தைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒரு உறுப்பினர், அதுவும் பந்தைத் தொலைத்தவர். புல்வெளிக்காரனுக்கு உடம்பு வளையவில்லை என்று அவர் செயலாளரிடம் குறைப்பட்டுக்கொண்டது, சமையலறை வழியாக டீசலின் காதுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் மனைவி தன் பங்குக்குக் கொளுத்திப் போட்டாள். "தங்கச்சி வீட்டுக்காரர் படத்த கிளப் ஹால்ல மாட்டியிருக்காங்களாம். உங்களுக்கு அங்க ஒரு ஆணியாவது அடிச்சிருக்காங்களா?"

"அடிச்சிருக்காங்க," என்றார் டீசல். "அதுலதான் மண்வெட்டிய மாட்டுறேன்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து, கரண்டின் யோசனைப்படி பழைய புல்வெட்டும் வண்டிகள் போய் பேட்டரி வண்டிகள் வந்தன. சட்டையில் வாடை அடிப்பது நின்றது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. புது வண்டியில் ஒருநாள் முழுக்க வெட்டிவிட்டு இரவு சார்ஜில் போட்டுப் போனவர், மறுநாள் காலை பலகையைப் பார்த்தார். எண் ஏறியிருந்தது. சகலையின் பெருமை ஏறுவதும் இறங்குவதும் இனித் தன் கையில் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

அன்றே ஓரப்புல்லில் வண்டியை இறக்கினார். தான் வளரவிட்டதைத் தானே அடியோடு வழித்தார். பிறகு தினமும், வெட்டியதையே மறுபடி வெட்டினார். பார்த்தவர்கள், மனுஷன் இந்த வயதிலும் எப்படி உழைக்கிறார் என்றார்கள். பொறாமை ஒருவனை இவ்வளவு சுறுசுறுப்பாக்கும் என்பது அவருக்கே புதிது. அடுத்தவன் மிச்சத்தைக் கெடுக்கத் தன் மிச்சத்தைத்தான் முதலில் அழிக்க வேண்டியிருந்தது என்பதும் தெரியாமல் இல்லை. அது உறுத்தியது, பலகையில் எண் ஏறியதும் உறுத்தல் அடங்கியது.

தோளில் தட்டுவது நின்றது. கரண்டின் முகம் சுண்டிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்தவர், தட்டில் சோற்றை விரலால் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். டீசல் அன்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வருடக் கடைசியில் செயலாளர் இருவரையும் அறைக்கு அழைத்தார். எண் ஏன் ஏறுகிறது என்று கேட்டார். டீசல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு நிதானமாகப் பேசினார்.

"வண்டி சார்ஜுதான் சார் கூடியிருக்கு. ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும்."

"அப்ப இவ்வளவு வெட்டாதீங்கன்னு இவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சகலைக்கு நான் புல்லப் பத்திச் சொல்றதா? வெட்டுறாருன்னா வெட்ட வேண்டி இருக்கும். என் கணக்குதான் தப்பு."

டீசலுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, நல்லவனாக இருப்பதிலும் முந்திக்கொண்டானே என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கம் அதற்குப் பின்னால்தான், மெதுவாக வந்தது.

செயலாளர் யோசித்தார். கணக்கில் தப்புச் செய்கிறவரைவிடக் கடுமையாக உழைக்கிறவர் மேல் என்று முடிவு செய்து, பொறுப்பாளர் பதவி டீசலுக்கு என்றார். கரண்டு கையை நீட்டினார். "நல்லா இருங்க சகலை," என்றார். டீசல் அந்தக் கையைப் பிடித்தார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

மறுநாள் காலை அவர் நேராகச் செயலாளர் அறைக்குப் போனார். பதவி தனக்கு வேண்டாம், சகலைக்கே கொடுங்கள் என்றார். காரணம் கேட்டதற்கு, வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்தார். எண் ஏறட்டும் என்றே வெட்டிய ரகசியத்தை அங்கேயும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அழுதும் கேட்டாள், சண்டை போட்டும் கேட்டாள். பதவிக்கு வந்துவிட்ட கரண்டே ஒருமுறை கேட்டார். விட்டுக்கொடுத்தாரா, அல்லது சகலை விட்டெறிந்ததைத் தான் பொறுக்குவதா என்று ஒதுங்கினாரா என்று கிளப்பில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

அவரோ ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் எலெக்ட்ரீஷியன் அறை வாசலில் போய் நின்று, இன்றைக்கு எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.