பத்தாவது கேம்

இது கட்டுக்கதை இல்லை. போன டிசம்பரில், புதுச்சேரி உப்பளத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்த நேரம் பிற்பகல் மூன்று பத்து. வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்கும், அந்த நேரம். நாகராஜ் இதைப் பெருமையாக யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் முதலில் அசிங்கப்படப் போகிறவன் அவன்தான். கதை விடுகிறவன் தன்னை நல்லவனாகக் காட்டித்தான் கதை விடுவான். இவன் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நாகராஜுக்கு முப்பது வயது. இணையத்தில் ஒரு வீடியோ சேனல் நடத்தினான். மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான வீடியோ கேம்களை ஆட விடுகிற சர்வீஸ் இருக்கிறதே, அதில் எதை ஆடலாம், எதில் கை வைத்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம் என்று சொல்கிற சேனல். மாதக் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நேரலை. சரியாகப் பத்து கேம். நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். நாகராஜ் ப்ரோ சொன்னால் கரெக்டாக இருக்கும் என்று லாஸ்பேட்டை காலேஜ் பையன்கள் சத்தியம் செய்வார்கள்.

நாகராஜ் ப்ரோவுக்குக் கேம் ஆடவே வராது. கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் முதல் சுவரிலேயே முட்டிக்கொண்டு நிற்பான்.

ஆடியது தங்கை அன்புசெல்வி. இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மா வீராயி விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் விற்றுவிட்டு, ஒன்றரை மணிக்கு வந்து சாப்பிட்டு, முன்னறையில் தரையில் படுத்துத் தூங்கிவிடுவாள். அதன் பிறகு அன்புசெல்வி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிவியோடு இணைத்த கேம் கன்சோல் முன்னால் உட்காருவாள். மூன்று பத்துக்கு ஆரம்பித்தால் நாலு நாற்பது வரை. முடித்ததும் இரண்டு பேர் போனிலும் தெரிகிற பொதுக் குறிப்பேட்டில் அந்தக் கேமைப் பற்றி ஐந்தாறு வரி எழுதுவாள்.

அந்த வரிகள்தான் சேனலுக்கு உயிர். 'மாடு வளக்குற கேம். மாடுதானேன்னு நெனைக்காதீங்க, ஒக்காந்தா பொழுது போறதே தெரியாது.' 'கப்பல் கேம். கடல் பளபளன்னு இருக்குது. ஆனா கடலுக்கே போவாத ஆளுங்க செஞ்ச கடல்.' நாகராஜ் நேரலையில் அதை அப்படியே படிப்பான். முன்கூட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்வதுகூடக் கிடையாது. முன்னாடியே படித்தால் முகத்தில் சுரத்து போய்விடுமாம், முதல் தடவை படிக்கும்போது வருகிற சிரிப்புதான் அசலாம். தங்கையின் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. "பொண்ணு ஆடுதுன்னு தெரிஞ்சா கண்டவனும் கண்டபடி எழுதுவான்" என்பான். அவளுடைய நல்லதுக்குத்தான் என்று அவனே நம்பவும் செய்தான்.

நவம்பர் கடைசி வாரம். விட்டு விட்டு மழை. அந்த மாதத்தோடு சந்தாவிலிருந்து எடுத்துவிடப் போகிற கேம்கள் ஐந்து. 'போவதற்குள் ஆடிவிடுங்கள்' என்று இவன் சொல்லும் பகுதிக்குத்தான் எப்போதும் கூட்டம். மூன்றை ஆடியாயிற்று. இரண்டு பாக்கி.

25ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. மூன்று பத்துக்கு அன்புசெல்வி கண்ட்ரோலரை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"ண்ணா, ஜுரம் அடிக்குது. கண்ணத் தொறக்க முடியல."

"மாத்திர போட்டுக்க. இன்னும் ரெண்டு கேம்தான். சனிக்கெழம டாக்டர்கிட்ட போலாம்."

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"வேணாம். வேலைக்குப் போவாம ஒக்காந்துக்கும்."

அவள் அண்ணன் பேச்சைத் தட்டாதவள். மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினாள். புதன் ஆடினாள். வியாழன் ஆடினாள். வெள்ளியும் ஆடினாள். ஜுரத்தில் ஒரு கேமுக்கு இரண்டு நாள் பிடித்தது. அம்மா கேட்டபோது தலைவலி என்றாள். சனிக்கிழமை மாலை பாத்ரூம் வாசலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள். நாகராஜ் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"எங்களுக்கே இன்னிக்குத்தான் சார் தெரியும். சொல்லாமயே இருந்திருக்குது."

டெங்கு. திங்கட்கிழமை விடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் சொன்ன அந்த ஒரு பொய்யை வீராயி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுத அழுகை ஒரு பக்கம், திட்டிய திட்டு ஒரு பக்கம். செத்துப்போன மகளைத் திட்டினாள். "பெத்தவகிட்ட மறைச்சிட்டியேடி. என்னாடி கல்நெஞ்சு ஒனக்கு" என்று படத்துக்கு விளக்கேற்றும்போதும் திட்டினாள். டிசம்பர் 16, கருமாதி அன்று வந்தவர்கள் முன்னாலும் திட்டினாள். நாகராஜ் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மா இவன் முகத்தில் விழிக்க மாட்டாள். அப்பா போய்ப் பத்து வருஷம். அம்மாவை விட்டால் இவனுக்கு வேறு ஆள் இல்லை. அம்மாவை வைத்துக்கொள்வதற்காகத் தங்கை தலையில் பழியைக் கட்டிவிட்டான். தூ என்று துப்பத் தோன்றுகிறதா? அவனுக்கும் சில சமயம் தோன்றியதாம்.

டிசம்பர் 18, வியாழக்கிழமை. அம்மா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாகராஜ் உள்ளறையில் படுத்திருந்தான். பீப் என்று ஒரு சத்தம். கன்சோல் ஆன் ஆகிற சத்தம். போனைப் பார்த்தான். மணி 3.10.

எழுந்து போனான். கன்சோலில் வெள்ளை விளக்கு எரிந்தது. டிவி அணைந்திருந்தது. வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும் என்று கன்சோலை அணைத்துவிட்டு வந்து படுத்தான். 4.40க்குப் போன் அதிர்ந்தது. பொதுக் குறிப்பேட்டில் புதிய குறிப்பு.

'ரயில் ஓட்டுற கேம். ஏத்தின ஆள எறக்க மறந்துடாதீங்க, அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடும். அவசரக்காரங்க ஆடாதீங்க.' அதற்குக் கீழே ஒரு வரி. 'இன்னிக்குக் கை கால் வலி.'

அவள் எழுதிய பழைய குறிப்பு நெட் கிடைக்காமல் எங்கோ மாட்டியிருந்து இப்போது வந்திருக்கிறது என்று நினைத்தான். அவளுடைய போன் பீரோவில், சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த ரயில் கேம் சந்தாவில் சேர்ந்ததே டிசம்பர் 16ஆம் தேதிதான். அவள் செத்துப் பதினைந்து நாள் கழித்து.

மறுநாள் இரண்டே முக்காலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, உப்பளம் மைதானத்துக்கு எதிரில் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். டீ ஆறிப்போனது. 4.40. போன் அதிர்ந்தது. இன்னொரு குறிப்பு.

வீட்டுக்கு ஓடினான். கண்ட்ரோலர் பாயின் ஓரத்தில், அம்மாவின் தலைமாட்டில் கிடந்தது. குனிந்து எடுத்தான். சுட்டது. ஜுரத்தில் கிடக்கிறவரின் கையைத் தொட்டால் சுடுமே, அந்தச் சூடு.

அம்மா கண் விழித்தாள். "ஏண்டா, நான் தூங்குற நேரத்துல ஆடியே ஆவணுமா? டக்கு டக்குன்னு பட்டன் சத்தம் காதுல உழுந்துக்கினே இருக்குது."

"நான் ஊட்லயே இல்லம்மா."

"பின்ன யாரு?"

மானமுள்ளவனாக இருந்தால் அன்றைக்கே அம்மா காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பான். நாகராஜ் என்ன செய்தான் தெரியுமா? விரல் விட்டு எண்ணினான். 18ஆம் தேதி முதல் 27 வரை தினம் ஒன்று. மொத்தம் பத்து. 28 ஞாயிற்றுக்கிழமை நேரலை. கேம் ஆட ஆள் இல்லையே, சேனலை மூட வேண்டியதுதான் என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்குப் பத்து குறிப்பும் தானாக வந்து விழுகிறது. விட மனம் வரவில்லை. தினமும் மூன்று மணிக்குக் கிளம்பி டீக்கடைக்குப் போனான். செத்த பிறகும் அவளை வேலை வாங்கினான். இதற்கு வேறு பெயர் கிடையாது.

முதல் குறிப்பைத் தவிர மற்றவற்றைத் திறந்து பார்க்கவில்லை. முன்பு பழக்கத்தால் படிக்காமல் இருந்தான். இப்போது பயத்தால்.

28ஆம் தேதி. மாலை ஐந்து மணி. முன்னறையில் ஸ்டாண்டில் ஒரு போன், கையில் ஒரு போன். அம்மா திரைக்குப் பின்னால் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். 1,140 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் நேரலை வராததற்கு, வீட்டில் ஒரு துக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

முதல் கேம், ரயில். கடைசி வரியையும் சேர்த்துப் படித்துவிட்டான். கண் பார்த்ததை வாய் சொல்லிப் பழகியிருந்தது, மூளைக்கு அங்கே வேலை இல்லை. மூன்றாவது கேமின் கடைசி வரி, 'கண்ணுக்குப் பின்னாடி குத்துது.' அதுவும் வாயில் வந்துவிட்டது. உடனே கோபிநாத் என்று ஒருவன் கமெண்ட் போட்டான். "ப்ரோ, கண்ணுக்குப் பின்னால வலின்னா டெங்குவா இருக்கலாம். நாளைக்குன்னு தள்ளாதீங்க. இப்பவே டாக்டரப் பாருங்க."

முகம் தெரியாத ஒருத்தன். ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

ஆறாவது கேம். 'தண்ணி குடிச்சாலும் வாந்தி.'

எட்டாவது. 'பல்லு வெளக்கினா ரத்தம்.'

ஒன்பதாவதுக்குக் கடைசி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தான்.

5.31. பத்தாவது.

கேம் பெயர் இல்லை.

'செவ்வாக்கெழம மூணு பத்துக்கு அண்ணங்கிட்ட ஜுரம்னு சொன்னேன்.'

நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. கண் அடுத்த வரிக்குப் போனது. வாய் அதன் பின்னாலேயே போனது.

'மாத்திர போட்டுக்கன்னு சொல்லிச்சி...'

'ரெண்டு கேம்தான்னு சொல்லிச்சி...'

'அம்மாகிட்ட சொல்லாதன்னு...'

அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

'அம்மா... நான் மறைக்கல.'

5.36. குறிப்பு முடிந்தது. நேரலையை நிறுத்தினான்.

திரை விலகியது. வீராயி கையில் கத்தியோடு நின்றாள்.

"செவ்வாக்கெழமயேவா?"

அவன் தலையைக் குனிந்தான்.

அவள் அவனைத் திட்டவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஒன்னப் போயி திட்டினேனே... ஒன்னப் போயி திட்டினேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு எழுந்து இவனுடைய துணிகளைப் பையில் திணித்து வாசலுக்கு வெளியே வைத்தாள். ஒரு அறை கொடுத்திருந்தால்கூட அவன் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. வாயைத் திறந்தால் போய்விடுவாள் என்று பயந்தான் அல்லவா, அப்படியே போய்விட்டாள்.

லாஸ்பேட்டையில் சிநேகிதன் செல்வகுமாரின் அறையில் தங்கினான். மறுநாள் காலை, அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று திறந்தான். ஆயிரத்துச் சொச்சம் பேர் காறித் துப்பியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் துப்பவில்லை. "ஆடியோ போச்சு ப்ரோ." "ஏன் ப்ரோ அப்படியே ஒக்காந்துட்டீங்க?" "பத்தாவது கேம் என்ன ப்ரோ?"

5.31க்கு ஓட்டிப் பார்த்தான்.

திரையில் இவன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வாய் மூடியிருந்தது. ஐந்து நிமிஷமும் உதடு அசையவே இல்லை.

பத்தாவது குறிப்பைத் திறந்தான். ஒரு கேமின் பெயர் இருந்தது. கீழே இரண்டே வரி. 'ரெண்டு பேர் சேந்து ஆடுற கேம். தனியா ஆடுனா நல்லா இருக்காது.'

அதோடு சேனலை மூடிவிட்டான். சந்தாவை நிறுத்த மட்டும் மறந்துபோனான். ஜனவரி 31ஆம் தேதி இரவு அந்த சர்வீஸிலிருந்து மெயில் வந்தது, எல்லா மாதமும் வருகிற மெயில்தான். நீங்கள் ஆடியதை வைத்து உங்களுக்காக நாங்கள் பரிந்துரைக்கும் பத்து கேம்கள். பட்டியலுக்கு மேலே, இந்த மாதம் நீங்கள் அதிகம் ஆடியது என்று அந்தப் பத்தாவது கேமின் பெயர். முப்பத்தோரு நாளும். 3.10 முதல் 4.40 வரை. ஆடியவர்கள், இருவர்.

கன்சோல் அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறது. கீழ்வீட்டு ஆதிலட்சுமி அக்காவுக்குப் போன் போட்டான்.

"க்கா, அம்மா இப்பலாம் கேம் ஆடுதா?"

"யாரு, ஒங்கம்மாவா? ரிமோட்ட நேரா புடிக்கத் தெரியாது அதுக்கு. ஆனா ஒண்ணு நாகராஜூ. மூணு மணியானா கதவ சாத்திக்குது. உள்ள ஒரே சிரிப்பு சத்தம்."

"யாராவது வராங்களாக்கா?"

"யாரும் மாடி ஏறி நான் பாக்கல. ஜன்னல்ல டிவி வெளிச்சம் மட்டும் தெரியுது." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அதாண்டா எனக்கும் வெளங்கல. பொங்கலன்னிக்கு மீட்டர் பொட்டி எரிஞ்சி போச்சி. அன்னிலேர்ந்து ஒங்க ஊட்டுக்கு கரண்டே கெடையாது."