முத்திரை கிழிந்த விஸ்கிப் போத்தல்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் அப்போது நானும் மன்னார்க்காரர் ஒருவரும் அகதிகளாக ஒரே வீட்டில் இருந்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணை என்பேன். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட நான் விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பதில் இல்லை. பொலிஸில் பெயர் பதிந்தால் கேஸ் அவ்வளவுதான் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலவியது. லைட் இல்லாத சைக்கிளில் போகவும் பயந்தேன்.

டேனிஷ் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது அமெரிக்க விஸ்கியின் வரலாறு. நூலகத்தில் புத்தகம் எடுத்து அகராதியோடு மல்லுக்கட்டினேன். ஒரு காலத்தில் அங்கே வியாபாரிகள் வெறும் சாராயத்தில் கருக்கிய சீனியும் புகையிலைச் சாறும் கலந்து விஸ்கி என்று விற்றார்களாம். பிறகு சட்டம் வந்தது. அரசாங்கப் பூட்டின் கீழ் நாலு வருடம் பீப்பாயில் கிடந்த விஸ்கிக்குத்தான் அரசாங்க முத்திரை. அதற்கும் பிறகு மதுவிலக்கு. தொழிற்சாலை ஸ்பிரிட்டை யாரும் குடிக்கக்கூடாது என்று அதில் அரசாங்கமே நஞ்சு கலக்க வைத்தது. அதையும் கள்ள வியாபாரிகள் வடித்து விற்றார்கள். குடித்தவர்களுக்குக் கண் போயிற்று. முதலில் எல்லாம் பனி மூடியதுபோல் வெள்ளையாகத் தெரியுமாம்.

ஒரு சனிக்கிழமை அண்ணை, வேலைத்தலத்தில் யாரிடமோ வாங்கிய அமெரிக்க விஸ்கிப் போத்தலோடு வந்தார். மூடியில் ஒட்டியிருந்த தாள் முத்திரை கிழிந்திருந்தது. கண்டும் பேசாமல் இருந்தேன். ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது, வைத்துவிட்டேன். மிச்சத்தை அவர் குடித்தார்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலருகே நின்று கேட்டார்.

"தம்பி, வெளியிலை பனி கொட்டுதோ?"

ஆனி மாதம். வெளியே நல்ல வெயில்.

புத்தகத்தில் வாசித்த அந்த வெள்ளை ஞாபகம் வந்தது. என் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் பிடித்து ரேகைகளைப் பார்த்தேன். தெரிந்தன.

"அண்ணை, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"விசரே உனக்கு? எங்கை வாங்கினதெண்டு கேப்பாங்கள். பொலிஸ் வரும். உன்ரை மனிசியும் பிள்ளையும் அங்கை ஷெல்லடிக்குள்ளை கிடக்குதுகள். படுத்தெழும்பினால் சரியாப் போயிடும்."

படுத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரை மணித்தியாலம் தொலைபேசிக்கு முன்னால் சும்மா நின்றேன். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அம்புலன்சைக் கூப்பிட்டேன்.

வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் போத்தலையும் கொடுத்தேன். நல்ல மதுசாரத்தையே மருந்தாக அவருக்குச் சேலைன்போல ஏற்றினார்கள். என் இரத்தத்தையும் சோதித்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. அண்ணையின் உயிர் தங்கியது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. எழுத்து வாசிக்க முடியாமல் போயிற்று. பொலிஸ்காரர் ஒருவர் வந்து என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அதன்பின் கடிதப்பெட்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்ப்பேன். மாதங்கள் போய் வருடமும் போயிற்று, பதில் வரவில்லை. எழுதிக்கொண்டு போன அந்தப் பெயர்தான் காரணம் என்று நினைத்தேன். அண்ணையிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு பத்திரிகைகளில் வந்தது. தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை டென்மார்க் நீதி அமைச்சே சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டிருந்ததாம். என்னுடையது மட்டுமில்லை, எத்தனையோ பேருடையது. வரிவரியாக வாசித்து அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.



"அப்ப என்னாலை இல்லையோ?"

"இல்லை அண்ணை."

துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த மாரியில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். கூட்டிவர அவரும் என்னோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தார்.