வாங்க வந்தவர் தாங்கிப் பிடித்தார்

இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசி. விடாத மழை. இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே மரவேலைப் பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல், சமையலறை அலமாரி எல்லாம் செய்வோம். என் கணவர் கல்ஃபில் தொழில் படித்தவர். அளவெடுப்பதும் பாலிஷ் போடுவதும் என் பங்கு. கூடவே நின்று மெஷின் வேலையும் எனக்குக் கைவந்துவிட்டது.

அந்த வருடம் பைக் சறுக்கி விழுந்ததில் அவருக்கு வலது தோளில் அடி. ஆபரேஷனுக்குப் பிறகு விரல்கள் நன்றாகவே வேலை செய்தன. கனம் தாங்கத்தான் முடியவில்லை. சிக்கலெல்லாம் ரூட்டர் மேஜையில்தான். பலகை ஓரத்தில் வளைவு எடுப்பதற்கும் காடி எனும் நீளப் பள்ளம் வெட்டுவதற்கும் உள்ள மெஷின் அது. மோட்டார் மேஜைக்கு அடியில் தொங்கும், வெட்டுகிற பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பிட்டின் உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் கீழே குனிந்து, ஒரு கையால் மோட்டாரைத் தாங்கி மறு கையால் திருக வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவது அவருக்குப் பெரிய குறைச்சலாகப் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் ரூட்டர் லிஃப்ட் என்று ஒன்றை வீடியோவில் பார்த்தேன். மேஜைக்கு மேலே இருந்தே ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் மோட்டார் ஏறும், இறங்கும். ஒரு கை போதும். சொன்னால் வேண்டாமென்பார் என்று, சொல்லாமலே ஆர்டர் போட்டேன். அவரும் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். மேஜை விற்பனைக்கு என்று வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் போட்டிருந்தார்.

பார்சல் வந்த மறுநாள் காலையில், மோட்டாரைத் தாங்கியிருந்த மேஜையின் பழைய தகட்டைக் கழற்றிவிட்டு அடியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதில் வந்தவர் கன்னியாகுமரியில் லாட்ஜுகளுக்குக் கட்டில் செய்து கொடுக்கிறவராம். அவரை உள்ளே கூட்டிவந்த கணவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, என்ன செய்யிய? இத வாங்க ஆளு வந்திருக்கு."

"விக்கணும்னு யாருட்ட கேட்டிய?"

முன்பின் தெரியாத ஆள் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டோம். அவர் பாவம், மழைக்கும் சண்டைக்கும் நடுவே நின்றார். "நான் பொறவு வாறேன் அண்ணே" என்று திரும்பப் போனவரை நான்தான் நிறுத்தினேன்.

"நில்லுங்க அண்ணா. இத மாட்டி முடிச்சிடுகேன். இவரு ஒருக்க ஓட்டிப் பாக்கட்டும். முடியலன்னா நீங்க ஏத்திக்கிட்டுப் போங்க."

தைரியமாகத்தான் சொன்னேன். என்னால் மாட்ட முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்தவர் சட்டையை உதறிவிட்டு, "அப்படின்னா மோட்டார நான் பிடிச்சுக்கிடுகேன்" என்று மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்தார்.

அளவு பார்த்து வாங்கியிருந்ததால் புதிய தகடு பழைய பள்ளத்திலேயே உட்கார்ந்தது. மூலைகளில் உள்ள ஸ்க்ரூக்களைத் திருகி, இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, தகட்டை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். லிஃப்டில் மோட்டாரைக் கவ்வும் பிடிக்குள் எங்கள் மோட்டார் லூசாக இருந்தது. அதற்கென்று கூடவே வந்த அலுமினிய வளையத்தைச் சுற்றிலும் போட்டு இறுக்கினேன். ஒரு அயனி மரத் துண்டை ஓட்டினேன். காடி தொடக்கத்தில் ஆழமாக இருந்தது. போகப் போக ஆழம் குறைந்து மேலோடிவிட்டது.

"பாத்தியா? அது நிக்காது. குடுத்துருவோம்" என்றார் கணவர்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, வளையத்தையும் மோட்டாரையும் சேர்த்துப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போட்டேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கோடு முறிந்திருந்தது. அப்படியென்றால் லிஃப்ட் இறங்கவில்லை. வளையத்துக்குள் மோட்டார்தான் வழுக்குகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வளையத்தில் ஒரு வெட்டு உண்டு, பிடியிலும் ஒரு வெட்டு உண்டு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நான் மாற்றிப் போட்டிருந்தேன். அதனால் எவ்வளவு முறுக்கினாலும் வளையம் மோட்டாரைக் கவ்வவில்லை.

திரும்பவும் கழற்ற வேண்டும். கன்னியாகுமரிக்காரர் முழங்காலில் நின்று மோட்டாரை ஏந்திக்கொண்டார்.

"மெதுவா செய்யுங்க அக்கா. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

நான் ஜெயித்தால் அவர் வெறும் வண்டியோடு போக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னார்.

இந்தத் தடவை வளையம் கவ்விப் பிடித்தது. கைப்பிடியைக் கணவரிடம் நீட்டினேன். கொஞ்சம் தயங்கி, இடது கையால் வாங்கிச் சுழற்றினார். பிட் பூப்போல மேலே வந்தது. லாக் போட்டு, பலகையைத் தள்ளினார். மேஜை மட்டத்தில் வலது கை அவருக்குச் சுகமாகவே ஒத்துழைத்தது. காடியை ஸ்கேலால் அளந்தார். "ஒரு பொடி இன்னும் ஏத்தணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி சுழற்றினார். பிறகு ஓரத்துக்கு வளைவு பிட் மாட்டினார். நாங்கள் நிற்பதையே மறந்துவிட்டார்.

வந்தவர் அந்தப் பலகையை வாங்கி ஓரத்தை விரலால் தடவினார். "இது விக்கக்கூடிய மேஜை இல்ல அண்ணே" என்றார். பிறகு மூலையில் கிடந்த பழைய தகட்டைக் காட்டி, "அத எனக்குத் தாங்க. நானே ஒரு மேஜை செஞ்சுக்கிடுகேன்" என்று சிரித்தார். தகட்டை மட்டும் கொடுத்தனுப்ப என் கணவருக்கு மனம் வரவில்லை. ஒரு பலகையை எடுத்து, தகடு உட்காரும் பள்ளத்தை அங்கேயே வெட்டிக்கொடுத்துத்தான் அனுப்பினார். விபத்துக்குப் பிறகு அவர் இன்னொருவருக்காகச் செய்த முதல் வேலை அது.

இன்று பட்டறையில் அவர் என்னைக் கூப்பிடுவது டீக்குத்தான். கட்டிய புருஷனின் மனதைக் கேட்காமலே ஊகித்து நான் ஒரு பக்கம் ஓடினேன், அவரும் என்னைக் கேட்காமலே இன்னொரு பக்கம் ஓடினார். எதையும் ஊகிக்காமல் கூட இருந்து கனத்தைத் தாங்கியவரோ முன்பின் தெரியாத அந்த மனிதர் என்று நினைக்கும்போது, துணை நிற்பது என்றால் என்னவென்று எனக்கு இப்போதும் புதிதாகப் புரிகிறது.