கணுக்கால் சட்டம்

தேயிலைத் தோட்டத்துக் கால்பந்து அணிக்கு மேனேஜராக இருப்பது, ஜெயித்தால் மாலை கேப்டனுக்கு, தோற்றால் வசவு நமக்கு என்று தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் உத்தியோகம். இந்தக் கொடுமையை அனுபவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் வாலிபம் முழுக்கத் தொழிற்சங்கத்தில் கோஷம் போட்டவன். துண்டுப் பிரசுரங்களைப் படித்தே படிப்பாளி ஆனவன். எனக்குப் பின்னால் நின்று கோஷம் போட்டவர்கள் பிரதேச சபைக்கு உறுப்பினர்களாகப் போனார்கள்; நான் எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன் அணிக்கு மேனேஜர் ஆனேன். அதில் வருத்தமில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே எழுதவில்லை.

குறுக்கே வந்த கால்

தலவாக்கலையில் தோட்ட டிவிசன்களுக்கிடையே நடக்கும் கோப்பைப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. எங்கள் கேப்டன் லோகுவுக்கு அதுதான் கடைசிப் போட்டி. கட்டாரில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. கோப்பையைத் தூக்கிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பயிற்சிக்காகக் கீழ் டிவிசனோடு ஓர் ஆட்டம் வைத்தோம். அவர்களுடைய பேக் கனகு, தடுப்பதில் சுவர், தலையால் கோல் போடுவதிலும் கெட்டிக்காரன். ஈரப் புல்லில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு சறுக்கி வந்தான். பந்து தேயிலைக்குள் போனது, லோகு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கனகை வெளியே அனுப்பச் சொல்லி நடுவரிடம் ஓடினேன். நடுவர் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஐயா ஒருவர். விசிலைச் சட்டையில் துடைத்தபடி அவர் சொன்னார்: “பந்துலதாங்க பட்டுச்சு. கால்தான் குறுக்க வந்துருச்சு.”

லீவு

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, போட்டிக்குள் சரியாவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லோகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு ஆத்திரம். அவனுடைய அம்மாவுக்கு வேறு கணக்கு: “மலையில கொழுந்து எடுக்கிறப்ப விழுந்திருந்தா லீவாச்சும் கேக்கலாம். வெளையாடி விழுந்தவனுக்கு யாருங்க லீவு குடுப்பா?”

பகிஷ்கரிப்பு

எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். ‘கொலைகாரக் கால்களைக் களத்திலிருந்து விரட்டுவோம்’ என்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். நடை நன்றாகவே வந்திருந்தது. கனகைத் தடை செய்யாவிட்டால் போட்டியையே பகிஷ்கரிப்போம் என்று முடித்திருந்தேன். பையன்களைக் கூட்டி உரக்க வாசித்துவிட்டுக் கைதட்டலுக்காக நின்றேன். கோல் காக்கும் எங்கள் கோலி தலையைச் சொறிந்தான்: “தலைவரே, வேலைக்குப் போகாட்டி தொரைக்கு நட்டம். வெளையாடப் போகாட்டி எதிர் டீமுக்குல்ல லாபம்?”

நான் இயற்றிய சட்டம்

பகிஷ்கரிப்பைக் கைவிட்டு, போட்டிக் குழுவிடம் போனேன். குழுத் தலைவர் தலவாக்கலையில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி. முதலாளிகளிடம் பேசும் குரல் எனக்குத் தனியாக உண்டு. அதை எடுத்துப் புதுச் சட்டம் ஒன்றை முன்வைத்தேன்: முரட்டுத்தனமாகத் தடுத்து ஒருவனைக் காயப்படுத்தியவன், காயம்பட்டவன் மறுபடி களத்தில் இறங்கும்வரை தானும் இறங்கக் கூடாது. பயிற்சி ஆட்டத்துக்கும் இது பொருந்தும்.

குழுவில் ஒருவரும் எதிர்க்கவில்லை. என் வாழ்நாளில் எதிர்ப்பே இல்லாமல் நான் பேசி முடித்த முதல் கூட்டம் அது. முதலாளி எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துச் சொன்னார்: “இவ்வளவு நல்ல ஆளா இருக்கீங்க, பெறகு எதுக்குங்க அந்தக் காலத்துல என் கடைய மூடச் சொல்லிக் கத்துனீங்க?”

கோழி ரசம்

அடுத்த நாளிலிருந்து கீழ் டிவிசனே மேலே ஏறி வர ஆரம்பித்தது. லோகு எழுந்தால்தானே கனகு ஆடலாம். ஒருவர் தைலம் கொண்டுவந்தார். ஒருவர் வலப்பனைப் பக்கத்திலிருந்து நாட்டு வைத்தியரான ஒரு சிங்கள வெதமாத்தயாவை ஆட்டோவில் ஏற்றி வந்து கட்டுப் போடவைத்தார். ஒருவர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார், லோகுவின் பெயரில். கனகின் அம்மா காலைப் பெரட்டில் பெயர் பதிந்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போகிற வழியில் நாட்டுக்கோழி ரசத்தோடு வந்து கட்டிலருகே நின்றார்: “குடிச்சிரு சாமி. ஒங்காலு நின்னாத்தான் எம்மவன் ஓட முடியும்.”

கட்டின் மகிமை

வீக்கம் வற்றியது. கவலை எங்கள் பக்கம் தாவியது. லோகு இல்லாமலே நாங்கள் ஜெயித்துக்கொண்டு போனோம், கனகு இல்லாமலே அவர்களும் வந்தார்கள். இறுதிப் போட்டி எங்களுக்குள். லோகு உட்கார்ந்தே இருந்தால் கனகும் உட்கார்ந்தே இருப்பான் என்ற உண்மையைப் பையன்கள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார்கள். எனக்கும் அது கசக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கோலி போய் லோகுவின் கட்டைத் தடவிக் கொடுத்தான்: “இத அவுக்காதண்ணே. நம்ம டீம்லயே நல்லா ஆடுறது இதுதான்.”

பாதி ஆட்டம்

இறுதிப் போட்டியில் பாதி நேரத்தில் ஒரு கோல் முன்னால் இருந்தோம். இந்த ஓரத்தில் லோகு, அந்த ஓரத்தில் கனகு, இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லோகு திடீரென்று கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். உரிமையை விட்டுக்கொடுக்காதே என்று ஊர் ஊராகப் பேசிய நான், விட்டுக்கொடுடா என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவன் பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்: “முந்தாநாளே ஓடலாம்னுட்டாரு டாக்டரு. இவனுகளுக்காகத்தான் தலைவரே உக்காந்திருந்தேன். பாதி ஆட்டம் போதும், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க.”

இரண்டுக்கு ஒன்று

அவன் கோட்டைத் தாண்டிக் கால் வைத்த அதே நொடியில் எதிர்ப் பக்கத்திலிருந்து கனகு துள்ளி உள்ளே வந்தான். கீழ் டிவிசன் போட்ட சத்தம் வட்டகொடை ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். லோகு அழகாக ஆடினான், நானே நோட்டீஸை மறந்து கைதட்டினேன். கனகு அவன் காலருகே ஒருமுறைகூட வரவில்லை. இரண்டு கார்னருக்கு மட்டும் முன்னே போய், இரண்டையும் தலையால் உள்ளே தள்ளினான்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் கழுத்துவரை சேறோடு தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். தோற்றுவிட்டுச் சிரிப்பு என்னடா என்றேன். லோகு சொன்னான்: “நான் எறங்காம ஜெயிச்சிருந்தா கட்டார்ல போயி என்னான்னு சொல்றது? உக்காந்துகிட்டே கப் எடுத்தேன்னா?”

நான் இதுவரை வைத்த கோரிக்கைகளில் ஓர் எழுத்துக்கூட வெட்டப்படாமல் அப்படியே நிறைவேறியது இந்தக் கணுக்கால் சட்டம் ஒன்றுதான், கோப்பை கீழ் டிவிசனில் இருக்கிறது.