ஹாலேக்குச் சுவடி பார்க்கப் போன கதை

காலை 6.40. கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையம். இந்தச் சஞ்சிகையில் நான் எழுதும் பயணக் கட்டுரைகளை வாசிப்பவர்களுக்குத் தெரியும், லூர்துக்குப் போனாலும் சரி, ரோமுக்குப் போனாலும் சரி, துள்ளிக்கொண்டுதான் புறப்படுவேன். அன்று மட்டும் புறப்பட மனமில்லை. காரணம் எனக்கு முன்பே மேடைக்கு வந்து, தொப்பியும் இடியப்பப் பார்சலுமாக நின்றார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் மரியதாஸ் அண்ணை, மன்னார்க்காரர்.

நடந்தது இதுதான். என் மூத்த மகள் அபிரா லைப்சிக்கில் தாதியாக வேலை செய்கிறாள். அண்ணை எங்கள் பங்குக்கு வருமுன்பே அவள் அங்கே போய்விட்டாள், அவர் அவளைக் கண்டதில்லை. அவள் பெண்ணை விரும்புகிற பெண். எங்களிடம் அதைச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அவளும் கூட்டாளிகளும் சேர்ந்து பக்கத்து நகரமான ஹாலேயில், தங்களைப் போன்றவர்களின் உரிமை கேட்டு ஒரு பிரைட் ஊர்வலம் ஒழுங்கு செய்திருந்தார்கள். "நீங்கள் நடக்க வேண்டாம் அப்பா. கரையிலை நிண்டு பாத்தாலே காணும்" என்று தொலைபேசியில் கேட்டாள். ஓம் என்றேன். மனைவிக்கு அன்று வேலை. "நீங்களாவது போட்டு வாங்கோ" என்றாள்.

முந்திய ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, "சனிக்கிழமை எங்கை பயணம் தம்பி?" என்று அண்ணை கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? "ஹாலேயிலை முன்னூறு வருசத்துத் தமிழ்ச் சுவடியள் இருக்காம், பாக்கப் போறன்" என்று அவிழ்த்துவிட்டேன். பல்லு வைத்தியரிடம் போகிறேன் என்றிருந்தால் பேசாமல் விட்டிருப்பார். பழைய தமிழ் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் விடுவார்களா?

"தமிழ்ச் சுவடியோ! நானும் வாறன். ரிக்கெற்றை நான் எடுக்கிறன்" என்றார். ஒரு வழிக்கு ஆளுக்கு 37 யூரோ 90 சதம், தூரம் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். தலையாட்டினேன்.

ஹனோவரில் ரயில் மாறினோம். அங்கிருந்து மாக்டபுர்க் வரைக்கும் தட்டையான வயல், காற்றாலை, மறுபடி வயல். அண்ணை சம்பலைப் பிரித்தார், பெட்டி முழுக்க மணத்தது. "பனையோலையோ, கடதாசியோ?" என்று கேட்டார். "ரெண்டும் இருக்காம்" என்றேன். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தபடி இருந்தது. 'எங்கை நிக்கிறீங்கள் அப்பா?' யன்னல் பக்கம் திரும்பி, 'கிட்ட வந்திட்டன்' என்று அடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் காதல் கடிதம் ஒளிக்கிற பொடியன் மாதிரி இருந்தது என் நிலை. கேவலம்.

நண்பகல். ஹாலே நிலையத்திலிருந்து, அக்கால மிசனறிமார் அனுப்பிய சுவடிகள் இருக்கும் பழைய தர்ம ஸ்தாபனத்துக்குக் கால்மணி நேர நடை. நீண்ட முற்றம், இரு பக்கமும் உயரமான பழைய கட்டடங்கள், பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் ஆவணக் காப்பகம் சனிக்கிழமை பூட்டு. சொல்கிற பொய்க்கு யார் திறக்கிற நேரம் பார்ப்பார்கள்?

"நீர் ரெர்மின் எடுக்கேல்லையோ, முன்கூட்டி நேரம் குறிக்கேல்லையோ?" அண்ணை வாயைப் பிளந்தார். "ஜேர்மனியிலை முப்பத்தஞ்சு வருசம் இருந்தும் ரெர்மின் இல்லாமல் கதவைத் தட்டுற ஒரே ஆள் நீர்தான் ஐசே!"

ஊர்வலம் வரும் என்று அபிரா சொன்ன அதே சந்தைச் சதுக்கத்துக்குச் சிரித்தபடி கூட்டிப்போனார். நான்கு கோபுரத் தேவாலயம், தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம், டிராம் தடங்கள். கோப்பி 3 யூரோ 20. முடிப்பதற்குள் மேளச்சத்தம் கேட்டது.

பெரிய நகரங்களின் பிரைட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். கம்பனிகளின் லொறிகளும் விளம்பரமுமாக இருக்கும். இது அப்படியில்லை. ஒரு சுமைச் சைக்கிளில் ஒலிபெருக்கி, கிழித்த பெட்டி மட்டைகளில் கையால் எழுதிய பதாகைகள். அகதிகளை நாடுகடத்தாதே, தாதிகளுக்குச் சம்பளம் கொடு, எங்களை அடிக்காதே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் வானவில் குடை பிடித்திருந்தார். கெவலார் யாத்திரைத் தலத்தில் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு நாங்களும் இப்படித்தான் வீதியை மறித்துப் போவோம். பொலிஸ் வழி விடுவான், ஒருவரும் ஏசுவதில்லை. இங்கேயோ எதிர்ப்பக்கத்தில் கறுப்பு ரீ-சேட் போட்ட இளைஞர் கூட்டமொன்று ஊளையிட்டுக்கொண்டு நின்றது.

சைக்கிளுக்குப் பக்கத்தில் மெகாபோனோடு அபிரா. கோசத்தின் கடைசி அசையை இழுத்து, மிச்சத்தைக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்தாள். இலங்கையில் போர் நடந்த காலத்தில் டூசல்டோர்ஃப் வீதியில், என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்வலங்களில் அவள் பழகிய முறை அது. மற்றக் கையில் தமிழ்ப் பதாகை: 'ஒளிய மாட்டோம்.'

"ஐயோ தம்பி, எழுத்துப் பாக்க வந்தனாங்கள், இந்தா தமிழ் எழுத்து!" அண்ணை எழும்பிவிட்டார். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆற்றை பிள்ளையோ, எந்த வீட்டுப் பிள்ளையோ? தாய் தேப்பன் பாவம்."

"ஓம். பாவந்தான்" என்றேன்.

அந்த நேரம் அவள் என்னைக் கண்டாள். முகமெல்லாம் சிரிப்பு, கையை உயர்த்தினாள். நான் தலையைத் திருப்பி, சிவப்புக் கோபுரத்தின் மணிக்கூட்டைப் பார்த்தேன். மணி என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பியபோது அவள் கை கீழே இருந்தது.

கறுப்புச் சட்டைப் பக்கமிருந்து பியர்க் குவளை ஒன்று பறந்து வந்து அவள் தோளில் பட்டு உடைந்து சிதறியது. "உன்ரை நாட்டுக்குப் போ" என்று ஜேர்மனில் கத்தினார்கள். நான் கோப்பி மேசையை விட்டு நகரவில்லை. மரியதாஸ் அண்ணை, முழங்கால் நோவென்று மாதாகோயிலில் முழந்தாளிடாத மனிதர், தொப்பி விழ விழ வீதிக்குள் ஓடினார். அவளை மறைத்து நின்றுகொண்டு, "எங்கடை பிள்ளையிலை எறியிறியோடா!" என்று தமிழிலேயே கத்தினார். பொலிஸ் அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனது. பிறகுதான் நான் கிட்டப் போனேன். ஒரு வழிப்போக்கனைப் போல.

அண்ணை சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் அவள் தோளைத் துடைத்தார். "பட்டதோ மோனை? நீர் ஆற்றை மகள்? தேப்பன் வரேல்லையோ?"

அபிரா என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்காகக் காத்திருந்தாள். நான் குனிந்து, விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினேன்.

"வரேல்லை அங்கிள்," என்றாள். "அப்பாக்கு வேலை. நான் தனியத்தான் வந்தனான்."

என்னைக் காப்பாற்ற என் பிள்ளை பொய் சொன்னாள். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அவள் மெகாபோனை எடுத்துக்கொண்டு நடந்தாள், நான் பின்னால் போகவில்லை.

மாலை 4.30 ரயில். "நல்ல துணிஞ்ச பிள்ளை. எனக்கு உது விளங்குதில்லை, எண்டாலும் அந்தத் தேப்பன் வந்திருக்கலாம்" என்றார் அண்ணை. பிறகு உறங்கிவிட்டார். மாக்டபுர்க் தாண்டும்போது அபிராவிடமிருந்து செய்தி வந்தது. 'ரயிலிலை இருக்க இடம் கிடைச்சதோ அப்பா? தண்ணி குடியுங்கோ.' ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ரை பேரை மாத்தாதேங்கோ" என்றாள்.

மரியதாஸ் அண்ணை, இந்தச் சஞ்சிகையை நீங்கள் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். சதுக்கத்தில் 'ஆற்றை மகள்' என்று நீங்கள் கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அது என்ரை பிள்ளை, அண்ணை. தேப்பன் வந்தவன். உங்களுக்குப் பக்கத்திலைதான் நிண்டவன்.