சஷ்டி விரதமும் அத்தானின் வானும்

போன வருடச் சஷ்டியில் ஒருநாள். மாரிக் குளிர் எலும்பைத் துளைத்தது. அத்தானின் சட்டையோ வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பின்சீற்றில் இருந்த என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். விசுவமடுவிலிருந்து துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலைக்கு ஆசிரியர்களான எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிச் செல்பவர் அவர். என் அக்காவின் கணவர். நீரிழிவுக்காரர். கந்தசஷ்டி விரதக்காரரும்கூட. விரதமென்று காலைச் சாப்பாட்டை விட்டவர், மருந்து தப்பக்கூடாதென்று குளிசையை மட்டும் தண்ணீரோடு விழுங்கியிருந்தார். முருகனையும் டொக்டரையும் ஒருசேரத் திருப்திப்படுத்திவிட்ட நினைப்பு அவருக்கு! வெறும் வயிற்றில் அந்தக் குளிசை இரத்தத்தில் சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை உறைக்கவில்லை.

திரும்ப வேண்டிய சந்தியில் வான் திரும்பவில்லை. குளக்கட்டில் ஏறித் தண்ணீர்ப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. குளம் முட்டி நின்றது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அத்தான், நிப்பாட்டுங்கோ!"

"எனக்கு ஒண்டுமில்லை. பேசாம இரு."

குரல் குழறியது. என்னிடம் ஒருநாளும் சினந்து பேசாத மனிதர். என்ன நினைத்தாரோ, பிறேக்கை மிதித்தார். நான் எட்டி எஞ்சினை அணைத்துத் திறப்பைப் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்திலிருந்த சங்கீத ரீச்சர், "சீனி இறங்கீட்டுதுபோல," என்று தன் போத்தலிலிருந்த சீனித் தேத்தண்ணியை நீட்டினா. அத்தான் விரதமென்று முகத்தைத் திருப்பினார்.

"நீங்கள் குடிக்காட்டி எங்கள் எல்லாருக்கும் செத்தவீடுதான்!" என்று கத்திவிட்டேன்.

குடித்தார். மெல்ல முகம் தெளிந்தது. வானின் முன்சில்லுக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "இனி நான் வான் ஓடமாட்டன்," என்றார். வானை விட்டால் அவருக்கு வேறு உலகமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அழுகைதான் வந்தது.

கிளினிக்கில் டொக்டர் நன்றாகத்தான் ஏசினார். மருந்தைச் சரிப்படுத்தும்வரை வான் ஓடவேண்டாம் என்றார். அதன் பிறகு ஓடலாம். ஆனால் சாப்பிட்டுவிட்டு, விரலில் குத்திச் சீனியைப் பார்த்துவிட்டு. கைகால் நடுங்கினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டவேண்டும். முருகன் பக்கத்தை அக்கா பார்த்துக்கொண்டா. "அவருக்கும் சேர்த்து நான் விரதம் பிடிக்கிறன். அவர் சாப்பிடட்டும்," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா.

இந்த வருடச் சஷ்டியிலும் அத்தான்தான் வான் ஓடுகிறார், இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு. நேற்றுப் பாதி வழியில் தானாகவே வானை ஓரங்கட்டினார். "கொஞ்சம் நடுங்குது. பொறுத்துப் போவம்," என்றார். முன்பென்றால் தலை போனாலும் சொல்லமாட்டார். இனிப்பாகக் குடித்து, ஆறியிருந்து, மறுபடி குத்திப் பார்த்துச் சரியென்று கண்ட பிறகே வானை எடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாடசாலைக்குப் போனபோது மணி அடித்து முடிந்திருந்தது. வாசலில் அதிபர் நின்றார்.

"என்ன ரீச்சர், பிந்தீட்டியள்?"

"ஓம் சேர்," என்றேன், சிரிப்பை அடக்கமுடியாமல். "எல்லாரும் வந்திட்டம்."