என் ஷூவுக்குள் ஒரு போஸ்டர் பின்

பயிற்சி வகுப்பில் நோயாளியாக நடிப்பது எப்போதும் நான்தான். பெங்களூருவில் சுகாதார முகாம் நடத்தப்போகும் அதிகாரிகளுக்கு வகுப்பெடுப்பதும் அவர்களோடு முகாம்களுக்குப் போவதும் என் வேலை. எனக்கே சர்க்கரை இருப்பதால், பாதப் பரிசோதனைக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

அன்று ரேணுகா என்ற புது அதிகாரியின் முறை. அவள் கையில் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை). நான் சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இழை பட்டதும் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். எனக்கோ பொறுமை கிடையாது.

"சீக்கிரம் ஆரம்பிம்மா. டீ வந்துடும்."

"முடிச்சிட்டேன் மேடம்."

நான் ஒரு முறைகூட 'தெரியுது' சொல்லியிருக்கவில்லை. நடிப்பென்று நினைத்து அறையே கைதட்டியது. "சூப்பர் ஆக்டிங்!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார். ரேணுகா என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள்.

"அய்யோ தேவரே! மேடம், கட்டைவிரலுக்கு அடியில புண்ணு இருக்கு."

ஷூவைக் கவிழ்த்ததும் ஒரு டிராயிங் பின் விழுந்தது. முந்தைய முகாமில் போஸ்டர் மாட்டும்போது உள்ளே விழுந்திருக்க வேண்டும். அந்தப் போஸ்டரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'பாதங்களைத் தினமும் பாருங்கள்.' நான் எழுதிக்கொடுத்த வாசகம்தான். வெட்கமாகப் போயிற்று.

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார் மருத்துவர். "சீழ் உள்ள இறங்கியிருக்கு. விரலைக் காப்பாத்தத்தான் பாக்கறேன். ஆனா வாக்கு குடுக்க முடியாதும்மா."

வலிக்காத காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். விரலை எடுத்துவிட்டால் சந்து சந்தாக ஏறி இறங்கும் இந்த வேலை என்னாவது?

டிப்ரைட்மென்ட் (செத்த தசையை வெட்டி எடுப்பது) செய்தார்கள். அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என் கணவர் தினமும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துக் காட்டுவார்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியே, இப்ப உன் பாடத்தைப் படி" என்பார். திட்டிக்கொண்டேதான் படிப்பேன்.

புண் மெல்ல மெல்ல மூடியது. விரல் தப்பித்தது. உணர்ச்சி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சர்க்கரை உள்ள நீங்கள் 'வலிக்கலியே' என்று நிம்மதியாக இருக்காதீர்கள். தயவுசெய்து பாருங்கள். முன்பெல்லாம் காலையில் கண் விழித்ததும் போனைத்தான் எடுப்பேன், இப்போது கண்ணாடியை எடுக்கிறேன். உடம்பு சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் நாள் சற்று மெதுவாகத் தொடங்குகிறது, அதுவும் பிடித்திருக்கிறது.

ரேணுகா தனியாக நடத்திய முதல் முகாம் நீலசந்திராவில். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"எனக்குத்தான் வலியே இல்லியே தாயி. எதுக்கு அசிங்கமா காலைக் காட்டிக்கினு?"

ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். "நல்லா பாருங்கம்மா, நான் கண்ணை மூடிக்கறேன்."

ரேணுகாவின் இழை எப்போது பட்டதோ, எனக்குத் தெரியவில்லை.

"நாலு தடவ குத்திச்சே! உனக்குத் தெரியலியா தாயி?" என்றது அந்த அம்மாவின் குரல்.

"தெரியலம்மா."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கண்ணைத் திறந்தபோது, அந்த அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.